ஆனந்த சங்கரை வந்தாறுமூலையில் இருந்து கேட்பது

சித்தார் என்றால் ரவிசங்கர். பொது அறிவுப் புத்தகத்தில் கருவியையும் கலைஞரையும் கோடு போட்டு இணைக்கச் சொல்லும் கேள்விக்காக எல்லாரும் பாடமாக்குகிற பெயர். அதனால் ரோலிங் ஸ்டோன்ஸின் 'ஜம்பின் ஜாக் ஃபிளாஷ்' பாட்டை யாரோ ஒரு சங்கர் சித்தாரில் போட்டு உதறுகிற ரெக்கோர்ட் ஒன்று எங்கள் போனில் வந்து நின்றபோது, ஆள் யார் என்று தேடாமல் விட முடியவில்லை. இவர் வேற சங்கர். ரவிசங்கரின் அண்ணன் மகன். பெயர் ஆனந்த சங்கர்.

நாங்கள் நாலு பேர். கலைப் பீடம். ஒரு அறை, ஒரு லெப்டொப், இரண்டு ஹெட்செட். (ஒன்றில் இடது காது மட்டும்தான் வேலை செய்யும். ஆனந்த சங்கரை அதில் கேட்கவே கூடாது, ஏன் என்று பிறகு சொல்கிறோம்.) இந்தக் கட்டுரை அவருடைய இசையைப் பற்றியது. ஆனால் எங்களில் ஒருவன் செய்துகொண்டிருக்கும் ஏழு நிமிடப் பாட்டைப் பற்றியும் இதற்குள்ளேயே சொல்ல வேண்டியிருக்கிறது. இரண்டையும் பிரிக்க முயன்றோம், சரிவரவில்லை.

முதலில் அவர். 1942 டிசம்பரில் அல்மோராவில் பிறந்தவர். அப்பா உதய சங்கர், அம்மா அமலா சங்கர், இருவரும் நடனத்தில் உலகம் சுற்றியவர்கள். உதய சங்கர் எடுத்த ஒரே திரைப்படமான 'கல்பனா' 1948இல் வந்தது. அது உருவானது சென்னையில், ஜெமினி ஸ்டூடியோவில். எங்கட அம்மம்மாமார் 'தில்லானா மோகனாம்பாள்' என்று உருகுகிற பத்மினி முதன்முதலில் திரையில் ஆடியது அந்தப் படத்தில்தான். வீட்டுக்குள்ளேயே உலகம் அறிந்த சித்தார்க்காரர் சித்தப்பாவாக இருக்க, ஆனந்த சங்கர் சித்தார் படித்ததோ பனாரஸில், லால்மணி மிஸ்ராவிடம். பிறகு 1960களின் கடைசியில் அமெரிக்கா போனார்.

அந்தக் காலத்தைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். 1965இல் பீட்டில்ஸ் ஒரு பாட்டில் சித்தார் வாசித்துவிட்டார்கள். அதற்குப் பிறகு மேற்கில் சித்தார் ஒரு ஃபேஷன். 1967இல் மொன்டரே விழாவில் ரவிசங்கர் வாசிக்கிறார், அதே விழாவில் ஜிமி ஹென்ட்ரிக்ஸ் மேடையிலேயே தன் கிற்றாரைக் கொளுத்துகிறார். வாத்தியத்தைக் கும்பிட்டு எடுக்கிற வழியில் வந்த ரவிசங்கருக்கு அது தாங்க முடியாத காட்சி. போதையோடு தன் இசையைச் சேர்த்துப் பார்க்கிற கூட்டத்தையும் அவருக்குப் பிடிக்கவில்லை, அதை அவர் வெளிப்படையாகவே பலமுறை சொன்னார். அந்த நேரத்தில் அண்ணன் மகன் லொஸ் ஏஞ்சல்ஸில் அதே ஹென்ட்ரிக்ஸோடு சேர்ந்து வாசிக்கிறான்! எங்கட குடும்பங்களில் இது நடந்தால் கலியாண வீட்டில் இரண்டு பேரையும் ஒரே பந்தியில் இருத்த மாட்டார்கள்.

1970இல் ரிப்ரைஸ் நிறுவனம் 'ஆனந்த சங்கர்' என்ற பெயரிலேயே அவருடைய முதல் இசைத்தட்டை வெளியிட்டது. ஸ்டோன்ஸின் பாட்டு ஒன்று, டோர்ஸின் 'லைட் மை ஃபயர்', மற்றவை பெரும்பாலும் அவருடைய சொந்த இசை. சித்தார், தபேலாவோடு டிரம்ஸ், மின் கிற்றார், அப்போது புதிதாக வந்திருந்த மோக் சின்தசைசர். (மூக் என்று எழுதினால் மூக்குத்தான் ஞாபகம் வருகிறது. நல்லவேளை, அந்தக் கருவியைச் செய்தவரின் பெயரை மோக் என்றுதான் உச்சரிக்க வேண்டுமாம்.)

எங்கள் கருத்தைச் சொன்னால், எல்லாரும் புகழ்கிற அந்த இரண்டு பிரபல பாட்டுகளும் இசைத்தட்டின் பலவீனமான பகுதிகள். முதல் தரம் கேட்கும்போது சிரிப்பு வரும், இரண்டாம் தரம் உடம்பு ஆடும், ஐந்தாம் தரம் "சரி, விளங்கிட்டு" என்று கை அடுத்த பாட்டுக்குப் போய்விடும். 'சாகர்' அப்படியில்லை. சாகரம், கடல். 13 நிமிடத்துக்கு மேல் ஓடும். தொடக்கத்தில் ஒன்றுமே நடக்காது போல இருக்கும். மோக்கின் அலை ஒரு காதில் இருந்து மற்றக் காதுக்கு நகரும் (ஒற்றைக் காது ஹெட்செட் ஏன் கூடாது என்று இப்போது விளங்கியிருக்கும்). அதன் மேல் சித்தார் அவசரமே இல்லாமல் ஒவ்வொரு சுரமாக இறங்கும். தபேலா எப்போது வந்து சேர்ந்தது என்று எங்களில் யாராலும் சரியாகச் சொல்ல முடியவில்லை, அதற்காகத் திரும்பத் திரும்ப ஓடவிட்டுச் சண்டை பிடித்திருக்கிறோம். இரவு பத்து மணிக்கு மேல், லைட்டை அணைத்துவிட்டுக் கேட்க வேண்டிய பாட்டு.

இந்த இசையைச் 'சைக்கடெலிக்' என்கிறார்கள். இந்தச் சொல்லில் எங்களுக்கு ஒரு சிக்கல் இருக்கிறது. 1950களில் ஹம்ப்ரி ஒஸ்மன்ட் என்ற மனநல மருத்துவர் கிரேக்கச் சொற்களில் இருந்து உருவாக்கிய சொல் அது, மனதை வெளிப்படுத்துவது என்ற பொருளில். எல்.எஸ்.டி. போன்ற மருந்துகளைக் குறிக்கத்தான் பிறந்தது, இசைக்கு வந்தது பிறகுதான். இப்போது எங்கட ஊரில் ஒரு பொடியன் "நான் சைக்கடெலிக் மியூசிக் செய்றன்" என்று சொன்னால் என்ன நடக்கும்? ஐஸ் போதை ஊருக்குள் வந்து எத்தனை வீடுகள் நிம்மதி இழந்திருக்கின்றன என்று எங்களுக்குத் தெரியும். அம்மாமார் மகன்மாரின் சேர்ட் பொக்கெட்டைத் தடவிப் பார்க்கிற காலம் இது. அவர்கள் பயப்படுவதில் பிழை சொல்ல மாட்டோம். எங்களுக்கும் அந்த மருந்துகளில் எந்த மயக்கமும் கிடையாது. அதனால் எங்கள் அறையில் அந்தச் சொல்லைப் பாவிப்பதை விட்டுவிட்டு, "உரு ஏத்துற பாட்டு" என்று சொல்லத் தொடங்கினோம்.

அது பகிடிக்குச் சொன்னதில்லை. வைகாசி மாதத்தில் கண்ணகை அம்மன் கோயிலில் குளிர்த்திக்கு நின்றவர்களுக்குத் தெரியும். நடுச்சாமம் தாண்டி, சாம்பிராணிப் புகை கண்ணைக் கரிக்க, உடுக்கும் பறையும் மெல்ல மெல்லக் கதி கூடிக்கொண்டே வரும். சிலம்பு குலுங்கும். பக்கத்தில் நிற்கிற மாமி, பகலில் கச்சான் விற்கிறவ, கொண்டை அவிழ்ந்து தெய்வம் ஆடத் தொடங்குவா. யாரும் எதையும் குடிக்கவில்லை, விழுங்கவில்லை. ஒலி மட்டும்தான். ஒரே அடியைத் திரும்பத் திரும்ப அடித்து, கொஞ்சம் கொஞ்சமாக அதை மாற்றி, கேட்கிற ஆளை நின்ற இடத்தில் இருந்து பெயர்க்கிற வித்தை. லொஸ் ஏஞ்சல்ஸில் 1970இல் வயர்களை மாற்றி மாற்றிக் குத்தித் தேடிய விசயத்தின் ஒரு பங்காவது படுவான்கரையில் மாட்டுத்தோலில் ஏற்கனவே இருக்கிறது என்று சொன்னால் ஊர்ப் பெருமை என்று நினைப்பீர்கள். ஒருக்கா வந்து நின்று பாருங்கள், மறுகா கதைப்போம்.

ஆனந்த சங்கர் இந்தியா திரும்பி 1975இல் செய்த 'ஆனந்த சங்கர் அன்ட் ஹிஸ் மியூசிக்' எங்களுக்கு அதைவிட நெருக்கம். அதற்கு முந்திய வருடம் மிருணாள் சென்னின் 'கோரஸ்' படத்துக்கு இசையமைத்து தேசிய விருதும் வாங்கியிருந்தார். இந்த இசைத்தட்டில் வேற்று நாட்டுப் பாட்டு எதையும் அவர் துணைக்குப் பிடிக்கவில்லை. 'ஸ்ட்ரீட்ஸ் ஒஃப் கல்கத்தா' நடக்கவில்லை, ஓடுகிறது. மின் கிற்றார் ஒரு பக்கம் பொரிய, சித்தார் அதற்குள் புகுந்து புகுந்து வருகிறது. 'டான்சிங் டிரம்ஸ்' என்ற பெயருக்கேற்ப மேளங்கள்தான் கதாநாயகர்கள். இந்த இசைத்தட்டில் தபேலாவோடு மிருதங்கமும் உண்டு என்று அறிந்தபோது எங்கள் அறையில் ஒரு சின்னக் கைதட்டல் எழுந்தது. மோக்கும் மிருதங்கமும் ஒரே தட்டில்! அங்கே யாரும் யாருக்கும் விருந்தாளி இல்லை. முதல் இசைத்தட்டில் சித்தார் மற்றவர்களின் வீட்டுக்குப் போனது போல ஒரு கூச்சம் இருந்தது, 1975இல் அது இல்லை.

ஆனால் அந்தத் தட்டு உடனே உலகைப் பிடித்துவிடவில்லை. இருபது வருடம் கழித்து 1990களில் லண்டன் டி.ஜே.க்கள் பழைய தட்டுகளைக் கிண்டும்போது அதைக் கண்டெடுத்து இரவு விடுதிகளில் போடத் தொடங்கினார்கள். 1996இல் புளூ நோட் நிறுவனம் ஒரு தொகுப்பில் 'ஸ்ட்ரீட்ஸ் ஒஃப் கல்கத்தா', 'டான்சிங் டிரம்ஸ்' இரண்டையும் சேர்த்தது. ஐம்பது வயது தாண்டிய மனிதரைத் தேடி, அவர் அந்தத் தட்டைச் செய்தபோது சின்னப் பிள்ளைகளாக இருந்தவர்கள் வந்தார்கள். 'ஸ்டேட் ஒஃப் பெங்கால்' என்ற பெயரில் இயங்கிய சாம் ஸமான் என்ற பிரித்தானிய வங்காளி அவரோடு சேர்ந்து மேடை ஏறினார், பாட்டுச் செய்தார். 1999 மார்ச்சில் ஆனந்த சங்கர் மாரடைப்பால் திடீரென இறந்தார். வயது 56. இருவரும் சேர்ந்து செய்த 'வோக்கிங் ஒன்' அடுத்த வருடம்தான் வெளிவந்தது.

இடையில் ஒரு சின்னக் கதை. 1980களின் தொடக்கத்தில் அவர் செய்த ஒரு இசைத்தட்டின் பெயர் 'ச ரி க மச்சான்'. பெயரைப் பார்த்ததும் நாங்கள் துள்ளியதைச் சொல்லத் தேவையில்லை. ஆனால் ஹிந்தியில் மச்சான் என்றால் காட்டில் மிருகம் பார்க்க மரத்தில் கட்டுகிற பரண். இசைத்தட்டும் காட்டைப் பற்றியது. யானைக்குக் காவல் இருக்க வயலுக்குள் பரண் கட்டுகிற ஊர்க்காரர்களுக்கு அந்தப் பொருளும் பொருந்தத்தான் செய்கிறது.

இனி எங்கட பாட்டுக்கு வருகிறோம்.

எங்களில் ஒருவன், பெயர் வேண்டாம், இரண்டு வருடமாக அந்த லெப்டொப்பில் ஒரு பாட்டைக் கட்டுகிறான். கல்லடியில் லேடி மன்னிங் பாலத்துக்குக் கீழே, பௌர்ணமி இரவொன்றில், போனை இரண்டு சொப்பிங் பேக்கில் சுற்றிக் கயிற்றில் கட்டித் தண்ணீருக்குள் இறக்கினோம். மட்டக்களப்பு என்றால் பாடும் மீன். தோணிக்காரர்கள் துடுப்பின் ஒரு முனையைத் தண்ணீரில் விட்டு மறு முனையில் காதை வைத்துக் கேட்பார்கள். எமர்சன் டெனன்ட் என்ற ஆங்கில அதிகாரி 1848இல் இங்கே வந்து கேட்டு, ஈர விரலால் கண்ணாடிக் கோப்பையின் விளிம்பைத் தேய்க்கிற ஒலி போல என்று எழுதி வைத்தார். பாடுவது மீனா, ஊரியா, இன்னும் முடிவில்லை. எங்கள் போனுக்குக் கிடைத்தது இயந்திரப் படகின் இரைச்சல், பாலத்தில் போகிற வாகனங்களின் உறுமல், அடியில் மெல்லிசாக ஒரு முனகல். அது பாடும் மீன் என்று சத்தியம் செய்ய மாட்டோம். அந்த முனகலை நீட்டி, எதிரொலி சேர்த்து, அதன் மேல் அவன் தன்னுடைய அம்மப்பாவின் மத்தளத்தை வைத்தான். அம்மப்பா படுவான்கரையில் ஒரு கிராமத்தில் அண்ணாவியார். வடமோடி. அவர் மடியில் வைத்து வாசிக்கிற மத்தளம் அவன் பாட்டில் தண்ணீருக்குள் இருந்து வருவது போலக் கேட்கும். நாங்கள் நண்பர்கள் என்பதற்காகச் சொல்லவில்லை, அந்த இடத்தில் மயிர் கூச்செறியும்.

ஒரு கலை விழாவுக்கு அதைக் கொடுத்தோம். எந்த விழா என்பது முக்கியமில்லை. நிகழ்ச்சி நிரலில் பெயர் இருந்தது, முதல் நாள் பின்னேரம் எடுத்துவிட்டார்கள். சொன்ன காரணம், "கூத்தைக் கொச்சைப்படுத்துறீங்க". இன்னொருவர் மெதுவாகக் கேட்டது, "இந்த மாதிரிப் பாட்டெல்லாம் எதை அடிச்சிட்டுத் தம்பி செய்றீங்க?" நண்பன் அதற்குப் பிறகு மூன்று கிழமை லெப்டொப்பைத் திறக்கவில்லை. கொரிய வேலைக்கான மொழிப் பரீட்சைக்கு விண்ணப்பிக்கப் போவதாகச் சொன்னான். போகிறது பிழை என்று நாங்கள் சொல்லவில்லை, வீட்டில் தங்கச்சி படிக்கிறாள், கடன் இருக்கிறது. ஆனால் பாட்டை அழித்துவிட்டுப் போகப் போகிறேன் என்றான், அதற்குத்தான் சண்டை பிடித்தோம்.

மரபைக் காக்கிறவர்களோடு வாதாட எங்களுக்கு வேறு ஊர் ஆள் தேவையில்லை. காரைதீவில் 1892இல் பிறந்த விபுலாநந்த அடிகள், வாசிப்பார் இல்லாமல் போன யாழை நூல்களில் இருந்தும் கணக்கில் இருந்தும் மீட்டெடுக்க வருடக்கணக்காக உழைத்து 1947இல் 'யாழ் நூல்' தந்தவர். அடுத்த மாதமே காலமானார். அவரும் இந்த வாவிக்கரையில் இருந்து பாடும் மீனைக் கேட்டவர்தான், 'நீரரமகளிர் இன்னிசைப் பாடல்' எழுதினார். வாவியின் ஒலி ஒரு ஆராய்ச்சிக்காரரைக் கவிதைக்குத் தள்ளலாம் என்றால், ஒரு கலைப் பீட மாணவனை லெப்டொப்புக்குத் தள்ளக் கூடாதா? (இந்த வரியை விழாக்காரர்களிடமும் சொன்னோம். சிரித்தார்கள். நிரலில் மாற்றம் இல்லை.)

ஆனாலும் அவர்கள் கேட்காமல் விட்ட ஒரு கேள்வி எங்களைக் குடைந்துகொண்டே இருந்தது. இந்தப் பாட்டு யாருடையது?

தனி ஆள் இசை என்றால் இன்றைக்கு எல்லாரும் காட்டுகிற உதாரணம் டேம் இம்பாலா. பெயர் ஒரு குழு மாதிரி இருக்கும், உள்ளே ஒரே ஆள்: அவுஸ்திரேலியாவின் பேர்த் நகரத்துக் கெவின் பார்க்கர். எழுதுவது, பாடுவது, டிரம்ஸ் அடிப்பது, பதிவது எல்லாம் அவரே. 'த ஸ்லோ ரஷ்' (2020) அப்படி வந்ததுதான். மேடைக்கு மட்டும் நண்பர்கள் வந்து சேர்வார்கள். அவருக்கும் முழுக்கத் தனிமை இல்லை, 'எலிஃபன்ட்' என்ற பாட்டை ஜே வாட்சனோடு சேர்ந்துதான் எழுதினார். எங்கள் நண்பனுக்கு அவர் மீது பெரிய பிரியம். அறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டு, யாரிடமும் கேட்காமல், ஒரு உலகத்தையே செய்துவிடலாம் என்ற ஆசை அதில் இருக்கிறது. கரண்ட் இருந்தால், அறைக்குக் கதவு என்று ஒன்று இருந்தால்.

ஆனந்த சங்கரின் வழி வேறு. அவருக்குக் கைகள் வேண்டியிருந்தன. முதல் இசைத்தட்டில் மோக் வாசித்தவர் போல் லூவின்சன். அட்டையில் பெரிதாக இருப்பது ஒரு பெயர், ஒரு முகம். 1975 தட்டின் பெயரே 'ஆனந்த சங்கரும் அவருடைய இசையும்'. 'அவருடைய' என்ற சொல்லில் எத்தனை பேர் ஒளிந்திருக்கிறார்கள்! 'டான்சிங் டிரம்ஸ்' பாட்டில் எங்களை ஆட வைக்கிற அந்த மேளக் கைகள் யாருடையவை என்று லண்டனில் ஆடியவர்களில் எத்தனை பேர் கேட்டிருப்பார்கள்? கடைசித் தட்டில் மட்டும் அட்டையில் இன்னொரு பெயரும் சேர்ந்தது, ஸ்டேட் ஒஃப் பெங்கால். அப்போது அவர் உயிரோடு இல்லை.

எங்கட ஊரிலும் கணக்கு ஒன்றுதான். கூத்தில் அண்ணாவியார் பெயர் எல்லாருக்கும் தெரியும். சல்லரி போடுகிறவர், பிற்பாட்டுப் பாடுகிறவர் பெயர் களரியோடு போய்விடும். பறைமேளம் அடிக்கிறவர்களின் நிலை அதைவிட மோசம். குளிர்த்திக்கு அவர்கள் இல்லாமல் முடியாது, ஆனால் நாங்கள் பார்த்த எந்தக் கோயில் நோட்டீசிலும் உபயகாரர் பெயர் இருந்தது, ஒலிபெருக்கிக்காரர் பெயர் இருந்தது, பறை அடித்தவர் பெயர் இல்லை. லெப்டொப்பில் வெட்டி ஒட்டினால் இது இன்னும் சுலபம். பதினைந்து செக்கன் பறையை எடுத்து "நான் செய்த பாட்டு" என்று போட்டால் யார் வந்து கேட்கப் போகிறார்?

ஆகவே அம்மப்பாவிடம் போனோம். நாலு பேரும் பஸ் ஏறி, மறுகா சைக்கிளில். எழுபது தாண்டியவருடைய காதில் ஹெட்செட்டை மாட்டிவிட்டுத் திண்ணையில் இருந்தோம். நல்ல ஹெட்செட்தான். ஏழு நிமிடமும் அசையாமல் கேட்டார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு கழற்றிப் பாயில் வைத்துவிட்டுக் கேட்டார்:

"சல்லரி எங்க மனே?"

நண்பன் முழித்தான்.

"மத்தளம் தனிய நிக்குது. பிடிக்க ஆளில்லாமத் தடுமாறுது, கேக்கல்லயா? தண்ணிக்குள்ள போட்டது பரவால்ல, அது நல்லாத்தான் இரிக்கு. சல்லரி இல்லாம எனக்கு அடிக்க ஏலாது. அண்டைக்கு நீ என்னட்டத் தனியத்தானே வாங்கினாய்."

கொச்சை, தூய்மை, ஒன்றும் கதைக்கவில்லை. தாளம் கதைத்தார். தேத்தண்ணி வந்த பிறகு, போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே, "இதில என்ட பேர் வருமா?" என்று கேட்டார். வரும் என்றோம். "அப்ப அவன்ட பேரும் போடணும்," என்றார். நாற்பது வருடம் அவரோடு சல்லரி போட்டவர், இப்போது ஏறாவூர்ப் பக்கம் ஒரு அரிசி ஆலையில் இரவுக் காவலுக்கு நிற்கிறார்.

அவரைப் போய்ப் பார்த்தோம். சல்லரி வீட்டுப் பரணில் கிடக்கிறதாம், புளி போட்டு மினுக்க வேண்டுமாம். அடுத்த போயாவுக்கு லீவு. அன்றைக்கு இரண்டு பேரையும் ஒன்றாக இருத்திப் பதிவதாக ஏற்பாடு. நண்பன் கொரியப் பரீட்சைக்கு விண்ணப்பித்துவிட்டான், பாட்டை அழிக்கவில்லை. கோப்பின் பெயரை மட்டும் மாற்றியிருக்கிறான். முன்பு தன்னுடைய பெயரும் ஒரு இலக்கமும். இப்போது ஐந்து பெயர்கள், அதில் இரண்டு பறை அடித்த அண்ணன்மாருடையவை. அவர்களிடம் நேரில் போய்க் கேட்டோம், ஒருவர் உடனே சம்மதித்தார், மற்றவர் முதலில் பாட்டைக் கேட்க வேண்டும் என்கிறார். சரியான கேள்விதான். அவருக்குப் போன் இல்லை. ஞாயிற்றுக்கிழமை லெப்டொப்பைச் சுமந்துகொண்டு போகிறோம்.